வெறுங்கை முழம் போட்டது

"வெறுங்கை முழம் போடுமா?" என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பதுண்டு. போடாது என்பதுதான் அதற்கு விடை என்று நாமும் நாற்பது வயது வரையில் நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் 2003-ம் வருஷம் மே மாதத்தில், அமெரிக்க தேசத்து லாஸ் வேகாஸ் நகரில், ஒரு வெறுங்கை முழம் போட்டது. முழம் போட்டதோடு நில்லாமல், 25 லட்சம் டாலர் பெறுமான ஜவுளியை அளந்து மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

குடும்பத்தார் கூடிப் படிக்கும் பத்திரிகையில் சூதாட்டத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சில நேயர்கள் முகத்தைச் சுளிக்கலாம். சுளிப்பது நியாயமே. வள்ளுவர் பெருமான் ‘சூது’ என்று தனியாக ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். தர்மபுத்திரர் நாட்டை வைத்தார், தம்பிமாரை வைத்தார், தம்மையே வைத்தார், பிறகு பாஞ்சாலியையும் வைத்தார் என்ற கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் நாம். ஆகவே ஆட்டத்தைச் சிபார்சு செய்வது நம் நோக்கம் அல்ல. ஒரே ஒரு கைச் சீட்டை நாம் பார்த்த கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறோம். பார்க்க நேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பையன் ஒருவன் உண்டு. நூற்றுக்கு நூறு வாங்கினவன். நாம் கரும்பலகையில் ஒரு வழி போட்டால், அதைவிடக் குறுக்கு வழி ஒன்றைப் பின் பெஞ்சியிலிருந்து எழுந்து சொல்லுவான். பிற்பாடு என்ஜினீயரிங் படித்துச் சென்னையில் நல்ல உத்தியோகத்தில் அமர்ந்தான். 2025-ம் வருஷம் பொங்கல் விடுமுறையில் அவன் நம் வீட்டுக்கு வந்தான். அவன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அவனுடைய தகப்பனார் தனியாக வந்து போயிருந்தார். கைப்பேசியிலே பணம் வைத்துச் சீட்டாடிப் பையன் 4 லட்சம் ரூபாய் தோற்றிருக்கிறான் என்றும், அதில் பாதி தங்கையின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் என்றும் சொன்னார். "நீங்கள் சொன்னால் கேட்பான், ஸார்" என்று சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. திண்ணைத் தூணைப் பார்த்தார்.

பையன் வந்தான். நாம் பேச்சைத் தொடங்குவதற்குள் அவனே தொடங்கிவிட்டான். "இது சூதாட்டம் இல்லை, ஸார். திறமை ஆட்டம். ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது" என்றான். அதில் பொய்யில்லை. 2022-ல் நமது சட்டசபை இணைய வழிச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அந்தத் தடை ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது, அவை திறமையைச் சார்ந்த ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருந்தது. பிறகு, "உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன், பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்" என்று, நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு தன் கைப்பேசியை இணைத்து, லாஸ் வேகாஸில் பிடித்த அந்தப் படத்தை ஓட்டினான். நம்மோடு அத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். அத்தைக்கு வயது எண்பது. புளியங்கொட்டையைப் பந்தயம் வைத்து ரம்மி ஆடுவதில் எங்கள் தெருவில் அவளை ஜயித்தவர் இன்னும் பிறக்கவில்லை.

லாஸ் வேகாஸ் என்பது நெவாடா மாகாணத்துப் பாலைவனத்தின் நடுவே, கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல் மின்சார விளக்குகளைக் கொண்டே கட்டினது போல் தோன்றும் ஊர். அங்கே பிரிமாண்ட் வீதியில் இருந்த பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்னும் சூதாட்ட விடுதியில், பென்னி பினியன் என்பவர் 1970-ல் ‘உலகப் போக்கர் தொடர்’ என்று ஒரு பந்தயத்தை ஆரம்பித்து வைத்தார். அதன் முக்கியப் போட்டியில் நுழைய 10,000 டாலர் கட்ட வேண்டும். கட்டினவருக்கு அதற்கு ஈடாக வில்லைகள் கொடுப்பார்கள். வில்லை தீர்ந்தவர் எழுந்து போக வேண்டியது. இப்படி நாட்கணக்கில் ஆடி, கடைசியில் அத்தனை வில்லையும் யார் முன்னால் குவிகிறதோ அவரே உலக ஜாம்பவான். 2003-ல் பணம் கட்டி உட்கார்ந்தவர்கள் 839 பேர். ஆக மேஜைகளின் மீது இருந்த வில்லைகளின் மொத்த மதிப்பு 83,90,000. ஐந்தாம் நாள் இரவு, 837 பேர் எழுந்து போய்விட்டார்கள். இரண்டு பேர் மிச்சம்.

ஒருவர் பெயர் சாமி பார்ஹா. பெயரைக் கேட்டு நம்மவர் என்று நினைத்துவிட வேண்டாம். லெபனான் தேசத்து பெய்ரூட் நகரில் பிறந்து, அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்ட காலத்தில் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். சீட்டாட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டவர். பற்ற வைக்காத சிகரெட் ஒன்றை உதட்டிலோ விரலிடுக்கிலோ சதா வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மற்றவர் பெயர் கிறிஸ் மணிமேக்கர். இங்கிலீஷில் ‘பணம் பண்ணுகிறவர்’ என்று பொருள். நம் பள்ளிக்கூடத்துத் தமிழையா கேட்டால் இது இடுகுறிப் பெயரா காரணப் பெயரா என்று ஒரு மணி நேரம் விவாதிப்பார். உண்மையிலேயே அதுதான் அவருடைய குலப்பெயர். டென்னஸி மாகாணத்தைச் சேர்ந்தவர், வயது 27, கணக்கர் உத்தியோகம். 10,000 டாலர் கட்டி நுழையும் வசதி அவருக்கு இல்லை. இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு சிறு பந்தயம் ஆடி, அதில் ஜயித்து, அந்த வெற்றியின் பலனாக இந்தப் பெரும் பந்தயத்தில் இடம் பெற்றவர். பெரிய மனிதர்களோடு ஒரே மேஜையில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடிய பந்தயம் இதுதான் அவருக்கு முதல். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. இறுதி ஆட்டம் தொடங்குமுன், பரிசுப் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று தாம் கேட்டதாகவும், பார்ஹா சம்மதிக்கவில்லை என்றும் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

ஆட்டத்தின் விதியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரம்மி தெரிந்தவர்களுக்குச் சுலபம். தெரியாதவர்கள் இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொண்டால் போதும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார்கள். அவற்றை அவரவர் மட்டுமே பார்க்கலாம். பிறகு எல்லாருக்கும் பொதுவாக, எல்லார் கண்ணிலும் படும்படி, முதலில் மூன்று சீட்டு, அப்புறம் ஒன்று, கடைசியில் இன்னொன்று, ஆக ஐந்து சீட்டு மேஜை நடுவில் விழும். கையில் உள்ள இரண்டும் பொதுவில் உள்ள ஐந்துமாக ஏழில் சிறந்த ஐந்தைத் தேர்ந்து கொள்ள வேண்டும். ஜோடிக்கு ஒரு மதிப்பு. ஐந்தும் வரிசையாக வந்தால் அதைவிட மேல். ஐந்தும் ஒரே இனமாக வந்தால் அதற்கும் மேல். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம். எதிராளி வைத்ததற்குச் சமமாகத் தானும் வைத்தால் ஆட்டத்தில் நிற்கலாம். இல்லையேல் சீட்டை மடக்கி, அதுவரை வைத்ததைக் கைகழுவ வேண்டியதுதான்.

இதிலே ஒரு சூக்ஷ்மம். நம் ரம்மியில் ஜயித்தவன் சீட்டைப் பரப்பிக் காட்டியாக வேண்டும். பொய்யாக ‘டிக்ளேர்’ செய்தால் அபராதம். போக்கரிலோ எதிராளி மடக்கிவிட்டால், ஜயித்தவன் தன் சீட்டைக் காட்டவே வேண்டாம். காட்டாத சீட்டு ராஜாவா, குப்பையா என்று கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே வெறுங்கையை வைத்துக்கொண்டு பாவ்லா காட்டுவது இந்த ஆட்டத்தில் குற்றமல்ல, அதுவே வித்தை.

இனி அந்தக் கைச் சீட்டு. பெயர்களை நம் வீட்டுச் சீட்டுக்கட்டின் பாஷையிலேயே சொல்லுகிறோம். மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜா, ஆட்டின் ஏழு. பார்ஹா கையில் இஸ்பேட் ராணி, ஆட்டின் ஒன்பது. இரண்டும் பிரமாதமான கை அல்ல. மணிமேக்கர் பந்தயத்தை 1 லட்சத்துக்கு உயர்த்தினார். பார்ஹாவும் சமமாக வைத்தார். பொதுச் சீட்டு மூன்று விழுந்தன: இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு. பார்ஹாவுக்கு ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது. மணிமேக்கருக்கு ஒன்றுமில்லை. இருவரும் பந்தயம் வைக்காமல் விட்டார்கள். நான்காவது சீட்டு இஸ்பேட் எட்டு. இப்போது நடுவில் மூன்று இஸ்பேட். பார்ஹா 3 லட்சம் வைத்தார். மணிமேக்கர் சற்று யோசித்து அதை 8 லட்சமாக உயர்த்தினார். பார்ஹா சளைக்கவில்லை, அவரும் 8 லட்சத்தை நிரப்பினார். நடுவிலே 18 லட்சத்துக்கு மேல் குவிந்துவிட்டது.

இந்த இடத்தில் கணக்கு உபாத்தியாயர் ஒருவர் சும்மா இருக்க முடியாது. 52 சீட்டில் நம் கண்ணுக்குத் தெரிந்தவை எட்டு, தெரியாதவை 44. இனி ஓர் இஸ்பேட் விழுந்தால் இருவருக்குமே ஐந்து இஸ்பேட் அமையும். ஆனால் ராஜா இருப்பவருக்கே வெற்றி. அப்படி இஸ்பேட் எட்டு மிச்சம். ஐந்தோ பத்தோ விழுந்தால் மணிமேக்கருக்கு வரிசை அமைந்துவிடும்; அவற்றில் இஸ்பேட் போக ஆறு. ராஜா விழுந்தால் ராஜா ஜோடி, அப்படி மூன்று. ஆக 44-ல் 17 சீட்டு மணிமேக்கருக்கு அனுகூலம். 27 சீட்டு பார்ஹாவுக்கு. அதாவது மணிமேக்கர் அந்தக் கட்டத்தில் வைத்த 8 லட்சம் முழுப் பைத்தியக்காரத்தனம் அல்ல. நூற்றுக்கு ஏறக்குறைய 39 பங்கு நியாயம் இருந்தது.

ஐந்தாவது சீட்டு விழுந்தது. ஆட்டின் மூன்று. அந்த 17-ல் ஒன்றாக இல்லை. வரிசையும் இல்லை, இனமும் இல்லை, ஜோடிகூட இல்லை. 39 பங்காக இருந்த நியாயம் ஒரே நொடியில் பூஜ்யமாகிவிட்டது. பார்ஹா பந்தயம் வைக்காமல், "உன் முறை" என்று விட்டுவிட்டார். சீட்டைக் காட்டினால் மணிமேக்கர் தோற்பது நிச்சயம். அவர் காட்டவில்லை. தம்மிடம் இருந்ததெல்லாம் வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுச் சிலைபோல் உட்கார்ந்தார்.

பார்ஹா நிமிர்ந்தார், எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். அவர் அப்போது சொன்னதுதான் விசேஷம். ஒரே இனமாகச் சேரும் என்று காத்திருந்தாய், சேரவில்லை போலிருக்கிறது என்ற கருத்துப்பட, வேடிக்கையாகவே கேட்டுவிட்டார். மனிதர் உண்மையைத் தொட்டுவிட்டார்! விரல் நுனியில் உண்மை. கையில் ஜயிக்கிற சீட்டு. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் செய்தது என்ன? ஒன்பது ஜோடியை மடக்கிப் போட்டுவிட்டார்.

படத்தோடு பேசிக்கொண்டு வந்த விமர்சகர்களில் நார்மன் சாட் என்பவர், நூற்றாண்டு இப்போதுதான் பிறந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டே, இதுதான் இந்த நூற்றாண்டின் பாவ்லா என்று பட்டம் சூட்டினார். பையன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெற்றிப் பார்வை பார்த்தான். "சீட்டே இல்லாமல் ஜயித்தாரே, ஸார்! இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? எல்லாம் மூளைதானே!" என்றான்.

நாமும் ஒரு கணம் வாயடைத்துப் போனோம் என்பதை மறைப்பானேன்? அத்தைதான் பேசினாள். "அந்தச் சாமி ஏன் இவ்வளவு அசடாக இருக்கிறான்? அவன் கையில் ராஜா, ஏழு என்று எனக்கே தெரிகிறதே, அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது. அவனுக்குத் தெரியாது! அவனுக்கு மட்டுமா? அந்த மண்டபத்தில் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த அத்தனை பேருக்கும் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம், ஒருவர் எல்லாவற்றையும் வைத்தார், மற்றவர் மடக்கினார் என்பதே. இந்தப் பெரும் நிகழ்ச்சி நேரில் பார்த்தவர்கள் கண்ணுக்கு நிகழவேயில்லை. வாரங்கள் பல கழிந்து, தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத்தான் நிகழ்ந்தது. மேஜை விளிம்பில் பதித்த சிறு காமிராக்கள் கவிழ்ந்த சீட்டைப் படம் பிடித்துத் திரையின் ஓரத்தில் காட்டியபடியால் வந்த பாக்கியம் அது.

ஆட்டக்காரரின் மறைந்த சீட்டைப் பார்வையாளருக்குக் காட்டும் இந்த யோசனைக்கு அமெரிக்காவில் 1995-ல் பேடண்டு வாங்கினவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். இவருடைய கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. போலந்து தேசத்தில் 1923-ல் பிறந்த யூதர். நாஜிகள் இவருடைய பெற்றோரைக் கொன்றார்கள். இவரையும் உடன்பிறந்தவர்களையும் வதை முகாம்களில் அடைத்தார்கள். ஒருநாள் முகாமில் அறிவிப்பு வந்தது: யூதர்களில் விஞ்ஞானிகள், கணித மேதைகள் இருந்தால் பெயர் கொடுக்கலாம் என்று. ஓரன்ஸ்டைன் விஞ்ஞானியும் அல்ல, கணித மேதையும் அல்ல. ஆயினும் தம் பெயரையும் உடன்பிறந்தவர்கள் பெயரையும் துணிந்து கொடுத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆராய்ச்சிக் குழுவை அமைத்த ஜெர்மானியர்களும் யுத்த முனைக்குப் போகாமல் தப்புவதற்காகவே பாவ்லா காட்டிக்கொண்டிருந்தார்களாம்! இரண்டு பக்கமும் வெறுங்கை. இரண்டு பக்கமும் மடக்கவில்லை. ஓரன்ஸ்டைன் உயிர் பிழைத்து, அமெரிக்கா போய், குழந்தைகளுக்குப் பொம்மை செய்து பெரும் பொருள் ஈட்டி, 98-வது வயதில் 2021-ல் காலமானார். நம் அபிப்பிராயத்தில் மணிமேக்கருடைய பாவ்லா இதன் கால்தூசி பெறாது. இவர் பணயம் வைத்தது வில்லையை அல்ல. பொய்யைத் துணையாகக் கொண்டு உயிர் தப்பிய அந்த மனிதரே, பொய்யை ஊருக்கெல்லாம் காட்டும் கண்ணாடியையும் உலகத்துக்குக் கொடுத்தார் என்பது கதை எழுதுகிறவர்களுக்குக்கூடத் தோன்றாத விஷயம்.

அத்தையின் கேள்வியைக் கேட்டதும் நமக்கு ஒரு யோசனை தோன்றிற்று. மேஜை மேல் எழுதாத தபால் கார்டு ஒன்று கிடந்தது. மைசூரில் உள்ள சிநேகிதருக்குப் பொங்கல் வாழ்த்து எழுத வைத்திருந்தது. அதைத் திரையின் மீது, சீட்டுகளைக் காட்டும் இடத்தில் ஒட்டினோம். விமர்சகர்களின் வாயையும் அடைத்தோம். பிறகு படத்தை வேறோர் ஆட்டத்துக்குத் தள்ளினோம். அதே மணிமேக்கர் வேறொருவரோடு ஆடியது. "அத்தை, இப்போது நீதான் எதிராளி. உன் சீட்டை மட்டும் சொல்லுகிறேன். அவன் சீட்டைக் கேட்கக் கூடாது" என்றோம்.

அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பந்தயம் ஏற ஏற அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சற்று முன்பு அந்தச் சாமியை அசடு என்றவள், கடைசிப் பந்தயம் வந்ததும், "அவனிடம் ஏதோ இருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவையும் தூக்கி வைப்பானா? நான் மடக்கிவிடுகிறேன். இருக்கிற புளியங்கொட்டையாவது மிஞ்சட்டும்" என்றாள். பிறகு கார்டைச் சற்று விலக்கிப் பார்த்து, இந்தத் தடவை மடக்கினது சரிதான் என்று தெரிந்ததும், ‘உஸ்’ என்று மூச்சு விட்டாள். ஆனால் சரியென்று தெரிந்தது கார்டை விலக்கின பிறகுதான்.

அப்போதுதான் பார்ஹாவின்மேல் நமக்கு மரியாதை பிறந்தது. இஸ்பேட் இரண்டு வைத்திருந்தாலும் போதும், பத்தும் ஏழும் வைத்திருந்தாலும் போதும், ஆறும் எட்டும் வைத்திருந்தாலும் போதும், மணிமேக்கர் ஜயித்திருப்பார். அதற்கும் மேலாகப் பார்ஹாவின் கையைப் பிடித்து இழுத்தது எதிராளியின் எளிமை. கைதேர்ந்த சூதாடி வைத்திருந்தால் பார்ஹா சந்தேகப்பட்டிருப்பார். 86 டாலருக்கு வந்த கணக்கப்பிள்ளை, வாழ்நாளில் காணாத பணத்தின் எதிரே உட்கார்ந்துகொண்டு, வெறுங்கையில் முழம் போடத் துணிவானா? பாட்டிமாருடைய பழமொழியை நம்பித்தான் அந்தப் பெரிய ஆட்டக்காரர் மடக்கினார்.

பிறகு பையனைப் பார்த்து, "வாப்பா, உனக்கு ஒரு பரீட்சை" என்றோம். அவனுக்குப் பழக்கமில்லாத வேறு வருஷத்துப் பந்தயங்களிலிருந்து பன்னிரண்டு கைச் சீட்டுகளைத் தேடி எடுத்து, கார்டை ஒட்டியபடியே ஓட்டினோம். கடைசிப் பந்தயம் வைக்கிறவர் மெய்யாக வைக்கிறாரா, பாவ்லாவா என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டியது. பையன் உற்சாகமாகவே உட்கார்ந்தான். ஆட்டக்காரரின் கழுத்து நரம்பைப் பார்த்தான், விரலைப் பார்த்தான், தொகையைக் கூட்டிப் பார்த்தான். பன்னிரண்டில் ஐந்து சரி. பூவா தலையா போட்டிருந்தால் ஆறு எதிர்பார்க்கலாம். பன்னிரண்டே கேள்வியைக் கொண்டு ஒருவனை எடை போடுவது கணித சாஸ்திரப்படி சரியல்ல என்பது நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு காலமாக இந்தப் படங்களைப் பார்க்கிறாய்?" என்று கேட்டோம்.

"மூன்று வருஷமாக, ஸார். தினம் ராத்திரி."

"எல்லாவற்றிலும் சீட்டு தெரியுமா?"

"தெரியும், ஸார்" என்றான். குரல் பத்தாம் வகுப்புக் குரலாக இருந்தது.

இந்த ஆட்டத்தில் திறமையே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. ஆயிரக்கணக்கான கைகளை ஆடும்போது தேர்ந்தவன் தேறாதவனை ஜயிப்பான் என்பது மெய். ஆனால் அதே பந்தயத்தில், கடைசிப் பத்துப் பேர் இருக்கையில், பில் ஐவி என்னும் மகா நிபுணர் மணிமேக்கரை ஏறக்குறைய முடித்தே விட்டிருந்தார். மணிமேக்கரைக் காப்பாற்ற ஏழே சீட்டு மிச்சம் இருந்தன. ஏழில் ஒன்றான ஆஸ் கடைசியில் வந்து விழுந்தது. ஐவி எழுந்து போனார். அந்த ஆஸ் விழாமற் போயிருந்தால் நூற்றாண்டின் பாவ்லாவும் இல்லை. மணிமேக்கரின் பெயரை டென்னஸிக்கு வெளியே யாரும் அறிந்திருக்கவும் மாட்டார்கள். மேலும் பார்ஹாவுக்காவது எதிரே ஒரு முகம் இருந்தது. கைப்பேசியில் முகம் ஏது? வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுத்துக்கொள்ளும் கம்பெனி ஒன்றுதான் அங்கே நிச்சயமாக இருக்கிறது.

படத்தின் மிச்சத்தையும் பார்த்தோம். பாவ்லாவில் மனமிடிந்த பார்ஹா அதிக நேரம் தாக்குப் பிடிக்கவில்லை. கடைசிக் கையில் அவரிடம் ஜாக்கியும் பத்தும். மணிமேக்கரிடம் ஐந்தும் நாலும். நடுவில் ஜாக்கி, ஐந்து, நாலு விழுந்தன. பார்ஹா ஜாக்கி ஜோடியை நம்பி எல்லாம் வைத்தார். மணிமேக்கருக்கு இரண்டு ஜோடி. முடிவில் இன்னுமோர் ஐந்தும் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். அதன் பிறகு நடந்ததைத் தொகையாலேயே சொல்லிவிடலாம். 2003-ல் 839 பேர் கட்டிய அந்தப் பந்தயத்தில் 2004-ல் 2,576 பேர், 2005-ல் 5,619 பேர், 2006-ல் 8,773 பேர் கட்டினார்கள். ஒரு கணக்கப்பிள்ளைக்கு முடிந்தது தமக்கும் முடியும் என்று உலகெங்கும் கணக்கப்பிள்ளைகள் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில், இருபது வருஷம் கழித்து, நம் வீட்டுக் கூடத்தில் ஒரு பையனும் உட்கார்ந்திருந்தான். அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும் சரி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையெல்லாம் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. பையனுடைய 4 லட்சம் அதற்கு முன்பே போயிருந்தது.

அத்தைக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. "ஜயித்தவனுக்கு 25 லட்சம் டாலர் என்றாய். அந்தச் சாமிக்கு?"

"13 லட்சம்" என்றான் பையன்.

"மற்றவர்களுக்கு?"

"முதல் 63 பேருக்குப் பரிசு உண்டு, பாட்டி."

"839-ல் 63 போனால்?"

எண்பது வயதுக் கிழவி மனக்கணக்கில் தடுமாறுகிறாள் என்று எண்ணினோமானால் நாம்தான் அசடு. அவள் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றுக்கு நூறு வாங்கின பையன் கழித்துச் சொல்ல நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

"776" என்றான்.

"பாவம், அவர்களை யாரும் படம் பிடிக்கவில்லையா?" என்றாள் அத்தை. பிறகு காபி கலக்க உள்ளே போய்விட்டாள்.

பையன் காபி குடித்துவிட்டு, விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டான். தகப்பனார் வந்து போனதைப் பற்றி நாமும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் போன பிறகு, மைசூர்ச் சிநேகிதருக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தோம். திரையின் மேல் ஒட்டியிருந்த தபால் கார்டைக் காணோம்.